பழைய பிக்கப் வாங்கும் முன் இன்ஜினைச் சோதிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பிக்கப்பின் இன்ஜின் இரண்டு நேரங்களில்தான் எதையும் மறைக்காமல் பேசும். ஒன்று, ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன காலை நேரம். இன்னொன்று, பின்னால் லோடோடு மேடு ஏறும் நேரம். இடைப்பட்ட மிதமான சூட்டில், வெறும் பாடியோடு, சமதரையில் ஓட்டினால் தேய்ந்துபோன இன்ஜின்கூட நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். விற்பவர் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நேரத்தைத்தான்.

நான் முதலில் வாங்கிய பிக்கப்பை அப்படித்தான் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு தெரு சுற்றினேன். சத்தம் இல்லை, புகை இல்லை. இரண்டாவது வாரம் லோடு ஏற்றி மேட்டில் போனபோது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, ரிசர்வ் டேங்க்கிலிருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் பொங்கி வழிந்தது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியபோது, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட், இரண்டாவது சிலிண்டருக்கும் கூலண்ட் ஓடும் துளைக்கும் நடுவில் எரிந்து, பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கோடு ஒரே நாளில் வந்ததில்லை. காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வேலைகளின் வரிசை முக்கியம். வரிசையை மாற்றினால் பாதித் தடயம் அழிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்

போனிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போய் இறங்கியதும் பேச்சுக்கு முன்னால் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். பானெட்டைத் திறந்ததும் புறங்கையை, புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் "வண்டியை நகர்த்தி நிறுத்தினேன் சார்" என்ற பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அன்றைக்குச் சோதனை வேண்டாம். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வண்டி வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், வெள்ளைத் துணி அல்லது டிஷ்யூ பேப்பர், மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டில், மல்டிமீட்டர், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், கொஞ்சம் மாஸ்கிங் டேப், ஒரு பேனா. கூட ஒரு ஆள் வந்தால் நல்லது. ஓட்டிப் பார்க்கும்போது பின்னால் இன்னொரு வண்டியில் வந்து புகையைக் கவனிக்க அவர் வேண்டும்.

சாவியைத் தொடுவதற்கு முன்

முதலில் சும்மா பாருங்கள். பழைய வேலை வண்டியின் இன்ஜின் அறையில் தூசி இருப்பது இயல்பு. பளபளவென்று கழுவித் துடைத்திருந்தால், எங்கே கசிவு என்று நமக்குத் தெரியாமல் போகும். கழுவியதே குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டியை நீண்ட தூரம் ஓட்டிவிட்டு அடியில் மறுபடி பார்ப்பது கட்டாயம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கீழே, ஈரமாக ஆயில் இருந்தால் அது இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் பின்பக்க சீல் கசிவாக இருக்கலாம். சீல் விலை கொஞ்சம்தான். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செலவு அங்கேதான். இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் கேஸ்கெட் கசிவு என்றால் பயப்பட வேண்டாம், அது சின்ன வேலை.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும். பார்க்க வேண்டியவை வேறு. விரல்களுக்கு நடுவே தேய்த்து வெயிலில் காட்டுங்கள். பொடி ஜிகினா மாதிரி மின்னினால் பேரிங் தேய்ந்து உலோகம் ஆயிலில் கலக்கிறது. முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால், எரியாத டீசல் கீழே இறங்கியிருக்கிறது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுவதாலோ, புகை வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை அடிக்கடி பாதியில் நிற்பதாலோ இப்படி ஆகும். ஆயில் குறைந்தால் கவலைப்படுகிறவர்கள் கூடியிருந்தால் சந்தோஷப்படுகிறார்கள். இரண்டும் ஒரே அளவு மோசம். டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பாருங்கள். மோர் கடைந்தது மாதிரி வெளிறிய களிம்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில், குளிர்காலத்தில், மூடியில் மட்டும் கொஞ்சம் படிவது உண்டு. டிப் ஸ்டிக்கிலும் அதே களிம்பு வந்தால் பெரும்பாலும் கூலண்ட் உள்ளே போகிறது. மூடிக்குள் தார் மாதிரி கெட்டியான கசடு இருந்தால், ஆயில் மாற்றாமலே பல காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது கூலண்ட். இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தத்தோடு பீய்ச்சி முகம் வெந்துவிடும். உள்ளே கலர் கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீரோ துருக் கலங்கலோ இருந்தால், ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் உள்ளே அரிக்கப்பட்டிருக்கும். மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் போயிருக்கிறது. பழுப்பு நிறத்தில் பொடியோ துகளோ தெரிந்தால், கசிவை அடைக்கும் மருந்து ஊற்றியிருக்கலாம். இப்போது ரிசர்வ் டேங்க்கில் கூலண்ட் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள். இந்தக் கோடு பின்னால் வேலைக்கு வரும்.

ஏர் ஃபில்டர் பெட்டியை யாரும் திறப்பதில்லை. பிக்கப்பைப் பொறுத்தவரை நான் அதிக நேரம் செலவிடும் இடமே அதுதான். புழுதியில் வேலை செய்த வண்டிக்குப் பெரிய எதிரி மைலேஜ் இல்லை, தூசி. ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு, ஃபில்டரைத் தாண்டிய பக்கம், அதாவது காற்று இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரில், வெள்ளைத் துணி சுற்றிய விரலால் ஒரு இழு இழுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். மாவு மாதிரி மெல்லிய மண் ஒட்டி வந்தால், அந்த மண் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான போரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். புது ஃபில்டர் போட்டு மேலே அழகாக்கியிருப்பார்கள், இந்தக் குழாயைத் துடைக்க மறந்துவிடுவார்கள். பெட்டியின் அடியில் சேறு காய்ந்த வரி தெரிந்தால், வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் வைத்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்கும். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜினின் பம்ப்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பில்தான் ஓடுகின்றன. தண்ணீர் அவற்றைத் துருப்பிடிக்க வைக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்யாமல், சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பி நிறுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு, ஆயில் பிரஷர் விளக்கு, பேட்டரி விளக்கு எல்லாம் எரிய வேண்டும். எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட ஆபத்தானது, பல்பைக் கழற்றியிருக்கலாம். டீசல் என்றால், ஆறிய சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை காத்திருங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். அது குறைவாக இருந்தால் செல்ஃப் மந்தமாகச் சுற்றுவதற்கு இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி பிரச்சினையை முதலில் பிரித்துவிட வேண்டும்.

இப்போது உதவிக்கு வந்தவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பானெட் பக்கம் நில்லுங்கள். செல்ஃப் அடிக்கும் தாளத்தைக் கேளுங்கள். நல்ல இன்ஜினில் "ர்ர்-ர்ர்-ர்ர்-ர்ர்" என்று ஒரே சீராக வரும். நடுவில் ஒரு தட்டு மட்டும் இலேசாக, வேகமாகத் தாண்டிப் போனால், அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், இல்லை. காதைப் பழக்கிக்கொண்டால் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னாலேயே இதைப் பிடித்துவிடலாம்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் முதல் ஐந்து நொடிச் சத்தம் விலைமதிப்பில்லாதது. ஒன்றிரண்டு நொடி முன்பக்கம் சங்கிலி உலுக்குகிற மாதிரி கேட்டு அடங்கினால் டைமிங் செயின் அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் சத்தம் எதுவும் சொல்லாது. மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

சத்தங்களைப் பிரித்தறிய ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும்; சுற்றும் பெல்ட்டிலிருந்து தள்ளி, நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதருகே பிடியுங்கள். மேலே டேப்பெட் கவர் பக்கம் இலேசான "டிக் டிக்" என்றால் டேப்பெட் இடைவெளி, சரிசெய்துவிடலாம். ஆறியிருக்கும்போது தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தளர்வு; கொஞ்ச காலம் தள்ளும். கீழே, ஆயில் சம்ப் பக்கம், கனமாக "டொக் டொக்" என்று வந்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்து விடும்போது கூடினால், பிஸ்டனைத் தாங்கும் ராடின் பேரிங் போயிருக்கிறது. அந்தச் சத்தத்தோடு பேரம் பேசவே உட்காராதீர்கள். சிலர் கெட்டியான ஆயிலை ஊற்றி இதை அமுக்கி வைப்பார்கள். நன்றாகச் சூடேறி ஆயில் இளகியதும் திரும்ப வந்துவிடும்.

புகை

புகையின் நிறத்தைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் நோயைச் சொல்லும்.

காலையில் சைலன்சரிலிருந்து வரும் மெல்லிய நீராவி இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இலேசான இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. டீசலில் கண் எரியும் வெள்ளைப் புகை வேறு வகை: அது எரியாத டீசல். குளோ பிளக், இன்ஜெக்டர், குறைந்த கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று காரணம்.

நீலப் புகை ஆயில் எரிவது. ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து வந்து நின்றாலோ, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தாலோ, வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. மேடு ஏறும்போதும் இழுக்கும்போதும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முன்னது ஹெட்டோடு முடியும், பின்னது இன்ஜினையே இறக்க வைக்கும். இவை இல்லாமல், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் சீலும் நீலப் புகை விடும். அப்போது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் ஆயில் தேங்கி வடியும். இலேசான ஈரப் படலம் மட்டும் இருந்தால் அது இயல்பு.

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. அடைத்த ஃபில்டர், கிழிந்த டர்போ குழாய், கெட்ட இன்ஜெக்டர் எதுவாகவும் இருக்கலாம். டிபிஎஃப் உள்ள வண்டியில் இன்னொரு சோதனை உண்டு: ஸ்டார்ட் செய்வதற்கு முன் சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். டிபிஎஃப் வேலை செய்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டியை உடைத்து எடுத்திருக்கிறார்கள் அல்லது அது உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. புகைச் சோதனையில் மாட்டப்போவது வாங்கியவர்தான்.

ஐடிலிங்கில் பத்து நிமிடம்

ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை. ஆகவே ஹோஸ் மெத்தென்று இருக்க வேண்டும். இப்போதே கல் மாதிரி விறைத்திருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. என் முதல் வண்டியை இந்த ஒரு அழுத்து காட்டிக்கொடுத்திருக்கும். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் ரசாயனச் சோதனை கேளுங்கள்: ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாயில் உள்ள நீலத் திரவம், எரிந்த வாயு பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும்.

மேல் ஹோஸ் சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து, கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும், ஏறக்குறைய 82 முதல் 90 டிகிரி செல்சியஸில், சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாகச் சூடேறிக்கொண்டு வந்து, ஓட்டும்போதும் முள் பாதிக்கு ஏறாமல் நின்றால் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டிருக்கலாம். ஓவர்ஹீட்டை மறைக்கச் செய்யும் பழைய வேலை அது.

பிறகு ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். இலேசாக ஆடினால் சரி. டீசலில் கொஞ்சம் காற்று வரத்தான் செய்யும். மூடி துள்ளி விழுந்தாலோ, புகை சீராகக் குபுகுபுவென்று வெளியே அடித்தாலோ, டிப் ஸ்டிக் தானே மேலே எழும்பினாலோ, மெக்கானிக்குகள் சொல்லும் "பேக் கம்ப்ரஷன்" அதுதான்: ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு நிமிடம் போதும். வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களிலும் இலகு ரக டிரக்குகளிலும் ஓபிடி-2 கட்டாயம். மற்ற நாடுகளும் அடுத்தடுத்து அதைப் பின்பற்றின. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்கள், அதாவது கோடுகள் (code), தெரியும். பி0300 என்றால் சிலிண்டரில் எரிதல் தவறும் மிஸ்ஸிங், பி0087 என்றால் ரெயில் பிரஷர் குறைவு, பி0299 என்றால் டர்போ போதிய அழுத்தம் தரவில்லை, பி0401 என்றால் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆரின் ஓட்டம் குறைவு.

ஒரு கோடும் இல்லை என்றால் அதையும் சந்தேகியுங்கள். கோடுகளை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்த தடயம் உள்ளேயே இருக்கும்: கோடு அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டரைப் பல வண்டிகள் காட்டும். வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகளான ரெடினஸ் மானிட்டர்கள் "முடியவில்லை" என்று வரிசையாக இருந்தாலும் அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். மொத்த ஓடிய மணி நேரம் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1,20,000 கிலோமீட்டர், 3,000 மணி நேரம் என்றால் சராசரி 40 கிலோமீட்டர் வேகம். அதே தூரத்துக்கு 6,000 மணி நேரம் என்றால் நின்ற இடத்திலேயே வெகு நேரம் ஓடிய இன்ஜினாக இருக்கலாம்; மீட்டர் காட்டுவதைவிட அதிகம் தேய்ந்திருக்கும்.

காமன் ரெயில் டீசலில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய பாணியில் இன்ஜெக்டர் பைப்பை ஓடும்போது தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்காதீர்கள், யாரையும் பார்க்க விடாதீர்கள். ஐடிலிங்கிலேயே அங்கே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும், இழுக்கும்போது ஆயிரத்தைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். இன்ஜெக்டரின் நிலையை ஸ்கேனரிலும், ரிட்டர்ன் குழாய்களில் பாட்டில் மாட்டி அளக்கும் சோதனையிலும் தெரிந்துகொள்ளலாம்.

லோடோடு ஓட்டுங்கள்

வெறும் பிக்கப்பை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த வண்டி தாங்க வேண்டிய அளவுக்குள் மணல் மூட்டையோ ஆட்களின் பொருளோ எதையாவது ஏற்றச் சொல்லுங்கள். ஏசியைப் போடுங்கள். குறைந்தது அரை மணி நேரம், அதில் ஒரு நீண்ட மேடு.

மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இழுவை ஒரே சீராகக் கூட வேண்டும். டர்போ பக்கம் சைரன் மாதிரி ஊளைச் சத்தம் வந்தால் அதன் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெறும் காற்றுச் சீறல் என்றால் குழாய் கிழிந்திருக்கலாம். நடுவழியில் திடீரென்று இழுவை செத்து, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுத்தால் அது லிம்ப் மோடு, பழுதைக் கண்டு வண்டியே தன் இழுவையைக் குறைத்துக்கொள்ளும் நிலை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்" என்பார்கள். சரியாகும், அடுத்த மேடு வரைக்கும். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப்; இன்ஜினை அதற்காகக் குறை சொல்ல வேண்டாம், விலையைக் குறையுங்கள்.

டெம்பரேச்சர் முள் மேட்டில் கொஞ்சம் ஏறிச் சமதரையில் இறங்கினால் பரவாயில்லை. ஏறிக்கொண்டே போனால் உடனே ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, சோதனையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் இன்ஜினை அணைப்பதற்கு முன் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் விளக்கைப் பாருங்கள். சூட்டில் மினுக்கினால் பேரிங்கோ ஆயில் பம்ப்போ தேய்ந்திருக்கிறது. அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆறியபோது உடனே பிடித்த டீசல் இன்ஜின் சூட்டில் நீளமாகச் செல்ஃப் அடித்தால், இன்ஜெக்டர் அல்லது பம்ப் உள்ளே கசிந்து அழுத்தம் ஏற மறுக்கிறது. அடியில் புதிதாகச் சொட்டு விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எப்போது?

எல்லா வண்டிக்கும் தேவையில்லை. செல்ஃப் தாளம் தடுக்கியது, பேக் கம்ப்ரஷன் அடித்தது, நீலப் புகை வந்தது, இவற்றில் ஒன்று இருந்தும் வண்டி பிடித்திருந்தால் மட்டும் செய்யுங்கள். பெட்ரோலில் பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ, டீசலில் 300 முதல் 500 வரை வரும். அந்த இன்ஜினின் மேனுவலில் உள்ள அளவுதான் கணக்கு. எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம் முக்கியம். பெட்ரோல் இன்ஜினில், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு அளந்து பிரஷர் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். லீக் டவுன் டெஸ்ட் இன்னும் தெளிவு: உள்ளே காற்று ஏற்றியதும் சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.

ராட் சத்தம், கூலண்டில் ஆயில், விறைத்த ஹோஸ், துள்ளும் ஆயில் மூடி, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் நான் திரும்பிவிடுவேன், இன்ஜின் வேலைக்கான முழுச் செலவையும் விலையில் கழித்தால் தவிர. கசியும் கேஸ்கெட், டேப்பெட் சத்தம், குளோ பிளக், கிழிந்த குழாய் எல்லாம் பேரத்துக்கு உரியவை.

எல்லாம் தேறிவிட்டதா? அன்றைக்கே முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மறுநாள் காலை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒரு ஐந்து நிமிடம் போய் வாருங்கள். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பிறகு ரிசர்வ் டேங்க்கில் நீங்கள் ஒட்டிய டேப்பைப் பாருங்கள். கூலண்ட் அதே கோட்டில் நின்றால் பேசி முடித்துவிடலாம்.